ரெஸ்பான்ஸிபிலிட்டிக்கு எத்தனை அசை?

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எந்தக் குறளையும் அலகிடாமல் விடமாட்டார். அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’யை சிலபிளாகப் பிரிக்கத் தெரியாமல் அவள் விழித்தபோது, “இங்க குடும்மா” என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். ரெஸ் நேர், பான் நேர், ஸிபி நிரை, லிட் நேர், டி நேர். மொத்தம் ஐந்து.

“நாலசைக்கு மேல சீரே கிடையாது. இந்த வார்த்தை செல்லாது.”

“தாத்தா, ஆன்சர் ஆறுன்னு போட்டிருக்கு!”

அவள் சொன்னதுதான் சரி: ரி-ஸ்பான்-ஸி-பி-லி-டி. நம் அசை இரண்டு குறிலை ஒன்றாக முடிந்துவிடும். ஆங்கில சிலபிள் உயிரொலிக்கு ஒன்று என்று தலையை எண்ணும்.

அதுகூடப் போகட்டும். குறில், நெடில், ஒற்று தெரிந்தால் போதும், குறளைக் காதில் வாங்காமலே தாளில் பிரித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்தை நம்பியவன் நடுத்தெருவில்தான் நிற்பான். வெஜிடபிளை எழுத்துப்படி எண்ணினால் நான்கு. வெள்ளைக்காரரோ ‘வெஜ்-ட-பிள்’ என்று மூன்றிலேயே கடையைக் கட்டிவிடுகிறார். நாம் ‘வெஜிடேபிள்’, ‘கம்ஃபர்டேபிள்’ என்று போகிற இடமெல்லாம் ஒரு மேசையை இழுத்துப் போடுகிறோம்.

ஆங்கிலச் சொல்லில் ஒரு சிலபிளை மட்டும் ஓங்கிச் சொல்லும் அழுத்தம் இருக்கிறதே, அது வீடு மாற்றிக்கொண்டே இருக்கும் வாடகைக்காரன். ஃபோட்டோகிராஃபில் முதல் சிலபிளில் குடியிருக்கும். ஃபோட்டோகிராஃபியில் இரண்டாவதுக்குப் போய்விடும். ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில் கதவைத் தட்ட வேண்டும். நாமோ எல்லா சிலபிளையும் ஒரே மாதிரி அழுத்துகிறவர்கள். சமூகநீதியை உச்சரிப்பிலும் விடுவதில்லை.

இதையெல்லாம் விளையாட்டாக்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர்க்காரர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், 1935-ல் ஒரு நுரையீரல் நோய்க்கு வேண்டுமென்றே 45 எழுத்தில் பெயர் செய்தார். ‘நியூமோனோ’வில் புறப்பட்டு ‘கோனியோசிஸ்’ஸில் போய்ச் சேரும். 19 சிலபிள். முதன்மை அழுத்தம் விழுவது 18-வதில்! அதுவரை மூச்சு தாங்கினால் உங்கள் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிடலாம்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சொல்லின் கடைசியில் ‘ஷன்’, ‘இக்’, ‘இட்டி’ வந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தைய சிலபிளை அழுத்துங்கள். எஜுகேஷனில் ‘கே’, ரெஸ்பான்ஸிபிலிட்டியில் ‘பி’. பாலிடிக்ஸ் மட்டும் எதிர்பார்த்தபடியே இந்த விதிக்கும் கட்டுப்படாது. அதில் அழுத்தம் முதல் சிலபிளில்.