நெரைக் கணக்கு

வா தம்பி, உக்காரு. தே தாரிக் சொல்லியாச்சு. கையில என்ன, பைலா? பி.ஜே. ஸ்டேட்டு இன்னும் எத்தனை மாடி தாங்கும்னு கணக்கெடுக்க வந்திருக்கியாம்ல? சரியான ஆளைத்தான் பிடிச்சே. நான் தோட்டத்து லயத்துல பொறந்தவன். அடர்த்தியை நீ படிச்சிருக்கே, நான் மூச்சு முட்ட அனுபவிச்சிருக்கேன்.

முதல்ல ஒரு வேடிக்கை கேளு. கோலாலம்பூர்ல ஆளு பெருத்துப் போச்சுன்னு 1950கள் தொடக்கத்துல எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்துல 1,200 ஏக்கரை அழிச்சுப் போட்டதுதான் இந்தப் பெட்டாலிங் ஜெயா. நெரிசலைக் குறைக்கப் பொறந்த ஊருக்கு 2006ல மாநகர் பட்டமும் கிடைச்சுது. இப்போ இதுலயே நெரிசலைக் கூட்ட எடம் தேடிக்கிட்டு நீ வந்து நிக்கிறே. தோட்டம் போயிருச்சு. பண்டார் உத்தாமா தமிழ்ப்பள்ளிப் பேருல மட்டும் எஃபிங்ஹாம் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு.

சரி, உன் கணக்கெடுப்புப் பாரத்தை நிரப்புவோமா?

எல்.ஆர்.டி. இருக்கா? 1998லயே வந்தாச்சு. வரைபடத்துல ஸ்கேலு வச்சா தாமான் ஜெயா ஸ்டேஷன் ரெண்டு விரக்கடை. மத்தியான வெயில்ல, கையில மீன் பையோட, உங்க அம்மாவை அங்கேருந்து நடக்கவிட்டுப் பாரு. அப்புறம் டிக் போடு.

தண்ணி? தாராளம்! 2020 செப்டம்பர்ல சிலாங்கூர் ஆத்துல மாசு கலந்தப்போ கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க லட்சக்கணக்கான வீட்டுல குழாய் காத்தடிச்சுது. தரையில இருந்தவன் லாரியடிக்கு வாளியோட ஓடினான். முப்பதாம் மாடிக்காரன் லிப்டுல வாளியோட நின்னான். அதுவும் லிப்டு ஓடுனாத்தான்.

லோங்காங்? சாயங்கால மழை விட்டதும் குனிஞ்சு பாரு. மேல எத்தனை மாடின்னு அது சொல்லிரும்.

மாடியே வேணாம்னு சொல்றேன்னு நினைக்காதே. இந்தக் காலத்துப் பிள்ளைங்க தரைவீடு வாங்கற விலையிலயா இருக்கு? செக்‌ஷன் 13ல பட்டறை நின்ன எடத்துல மாடி எழும்பலையா? கட்டுங்க, ரயிலுக்குப் பக்கத்துலயே கட்டுங்க. ஆனா, எங்க தோட்டத்துல கன்னு நடறப்போ கயிறு புடிச்சுத்தான் நெரை போடுவாங்க. ஆசைப்பட்டு நெருக்கி நட்டா மரம் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுன்னு போகும், அடி பெருக்காது. பாக்க அழகாத்தான் நிக்கும். வெட்டுனா பால் அவ்வளவா வராது. மரத்துக்கே இந்தக் கணக்குன்னா, மனுசனுக்குக் கயிறு புடிக்க உன் பாரத்துல ஒரு கட்டமாவது இருக்கா?

அட, தேத்தண்ணி ஆறுது, குடி. வெளியில ஆரன் சத்தம் கேக்குதா? ஆமா, நீ எதுல வந்தே... ரயில்லயா? கார்லயா? அப்போ ரெண்டாவது வரிசையில ஒருத்தரை மறிச்சு நிக்கிறது உன்னோடதுதான். போய் எடுத்துட்டு வா. வந்ததும் அதையும் பாரத்துல எழுதிக்கோ.