அறுத்த பலகையை மறுபடி அறுப்பவர்

ஸ்பீக்கர் பெட்டியைத் திருத்துபவர் என்பவர், அளவாக அறுத்து, துளையிட்டு, ஒட்டினால் மட்டும் போதும் என்று வரும் கிட்டைக் காசு கொடுத்து வாங்கி, ஒட்டுவதற்கு முன்பே அதில் குறை காண்பவர். பெட்டியை முழுக்கத் தன் கையால் செய்பவர் வேறு இனம். அவரிடம் ரம்பம் இருக்கும். இவரிடம் அபிப்பிராயம் இருக்கும்.

சென்னையில் இவர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தென்படுவார். ஊஃபர் வாங்கப் போய், "தீல்-ஸ்மால் பாராமீட்டர் இருக்காங்க?" என்பார். "ஆறரை இன்ச்சு சார், சும்மா அதிரும்" என்று பதில் வரும். இவர் கேட்டது, எந்த ஊஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்று சொல்லும் கணக்கு. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் வளர்த்தெடுத்தது. கிட் செய்தவர் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பலகையை அறுத்திருக்கிறார். இது இவருக்கும் தெரியும். தெரிந்து என்ன?

திருத்தம் விரல் முட்டியில் தொடங்குகிறது. டேப் ஒட்டி நிறுத்திய பெட்டியின் பக்கவாட்டில், பானை வாங்குபவர் போலத் தட்டிக் காதைக் கொடுப்பார். பானை கணீரென்றால் நல்லது, பெட்டி கணீரென்றால் கெட்டது. பலகையும் கூடச் சேர்ந்து பாட ஆரம்பித்தால் பாடகர் குரலில் மரக்குரல் கலக்கும். இதுவரை நியாயம்தான். ஆனால் பலகையைத் தடிப்பாக்குவது ஒன்றே வழி என்பது இவர் கட்சி. பிபிசி பொறியாளர்கள் 1970களில் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கருக்கு 12 மி.மீ. ப்ளைவுட்டையே போட்டு, உட்புறம் தார் கலந்த அட்டையை ஒட்டி அதிர்வை அடக்கினார்கள். அதைச் சொன்னால், "அது அந்தக் காலம்" என்பார். அடுத்த மூச்சில், அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயருக்கு ஈடில்லை என்பார்.

உள்ளளவு 25 செ.மீ. அகலம், 20 ஆழம், 40 உயரம் என்று வைத்துக்கொண்டால் அது 20 லிட்டர் பெட்டி. உள்ளே ஆறு பக்கமும் 12 மி.மீ. எம்டிஎஃப் இன்னோர் அடுக்கு ஒட்டுகிறார். விரல் தடிப்புகூட இல்லாத பலகைதானே என்று தோன்றும். கொள்ளளவோ 15 லிட்டருக்கு இறங்கிவிடும். 40 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்திருந்த பெட்டி 46க்கு ஏறிவிடும். சுருதியை இறக்க, காற்றுக் குழாயை நீட்ட வேண்டும். இரண்டு இன்ச் பிவிசி குழாய் 15 செ.மீ. இருந்தது 21 ஆகும்போது பின்பலகையில் போய் முட்டும். ஆகவே பிளம்பிங் கடை, அங்கே ஓர் எல்போ. இப்போது பெட்டிக்குள் எட்டிப்பார்ப்பவருக்கு வாஷ்பேசினின் அடிப்பக்கம் ஞாபகம் வரும்.

ட்வீட்டர் அடுத்த பலி. நடுவில் இருந்தால் இரண்டு விளிம்புகளும் சம தூரத்தில் நின்று ஒலியை ஒரே விதமாகச் சிதறடிக்கும். கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. "நடுவுல இருந்தாத்தானே சார் லட்சணம்?" என்று கேட்டுவிட்டு, ஆசாரி புதுத் துளை போடுவார். பழைய துளையைப் பட்டி பார்த்து அடைப்பார்கள்.

பிறகு பஞ்சு. உள்ளே எழும் எதிரொலியை அடக்கப் பாலியெஸ்டர் பஞ்சு வைப்பது வழக்கம். கடை தூரம், தலையணை பக்கம். "என்னங்க, தலகாணி ஏன் இப்படி சப்பையாக் கிடக்கு?" என்ற குரல் உள்ளறையிலிருந்து வரும்போது இவர் க்ராஸ்ஓவரைச் சால்டர் செய்வதில் மும்முரமாக இருப்பார்.

பின்பலகைக்கு மட்டும் ஃபெவிகால் கிடையாது, ஸ்க்ரூதான். நாளைக்கே திறக்க வேண்டியிருக்கும் என்று தன்னைப் பற்றி இவருக்கு அவ்வளவு தெரியும். எம்டிஎஃப்போ அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடி விட்டுவிடும். நான்காம் முறை ஸ்க்ரூ சும்மா சுற்றும். தீக்குச்சியை ஒடித்துச் செருகுவார். ஆறாம் முறை, அரை இன்ச் தள்ளிப் புதுத் துளை. அன்றிலிருந்து பேஸ் அடிக்கும்போதெல்லாம் பழைய துளை வழியே 'புஸ்' என்று காற்று கசியும். இவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். குழாய் வாய் சின்னதாகிவிட்டது என்று தீர்மானித்து, ஸ்க்ரூட்ரைவரைத் தேடுவார்.