இருபது அடி நைலான் கயிறு

புதுக்கோட்டையில் துப்பறியும் நாவல் எழுதுகிற ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். அவருடைய நாவல்களில் முதல் பக்கத்திலேயே பெயர், வயது, சட்டையின் நிறம் என்று விலாவாரியாக அறிமுகமாகிறவர், மூன்றாம் பக்கத்தில் பிணமாகக் கிடப்பார். அந்த ராசி அவர் பக்கமே திரும்பிவிடக் கூடாது. எழுத்தாளர் என்றே வைத்துக்கொள்வோம்.

போன நாவலின் கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அடுத்த நாவலுக்கு இன்னும் பிணம் அகப்படவில்லை. அவருக்குப் பொல்லாத காலம் என்றால் இதுதான். எழுதுகிற நாட்களில் அவர் அறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். டி.வி. சத்தம் குறையும். காபி தானாக மேஜைக்கு வரும். எழுதி முடித்த மறுநாளே, "சும்மாத்தானே இருக்கீங்க" என்கிற வாக்கியம் வீட்டில் புழக்கத்துக்கு வந்துவிடும். கரண்ட் பில், கேஸ் புக்கிங், மொட்டை மாடித் தொட்டியைக் கழுவுவது, ரேஷன் கடையில் கைரேகை வைப்பது எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கம். அவர் கதையில் கைரேகை கிடைத்துவிட்டால் அடுத்த அத்தியாயத்தில் விலங்கு மாட்டிவிடுவார்கள். இங்கே, அவருடைய கைரேகை அவருடையதுதான் என்று அந்த மெஷினை நம்ப வைப்பதற்கே அரை மணி நேரம் ஆகிறது.

முன்னோடிகள் இப்படி அவதிப்பட்டதாகத் தெரியவில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மாத நாவல் கொடிகட்டிப் பறந்தபோது, பஸ் ஸ்டாண்டு கடைகளில் பாக்கெட் நாவலும் க்ரைம் நாவலும் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். புதுக்கோட்டையில் திருச்சி பஸ் ஏறுகிறவர் ஒன்றை வாங்கினால், கீரனூரில் கொலை, மாத்தூரில் சந்தேகம், டி.வி.எஸ். டோல்கேட்டில் கைது என்று கணக்காக முடிந்துவிடும். கோவை ராஜேஷ்குமார் எழுதிய நாவல்கள் 1,500-ஐத் தாண்டும். நம் எழுத்தாளர் ஒருநாள் காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். வருஷத்துக்கு முப்பது என்று வைத்தாலும் ஐம்பது வருஷம். ஒரு நாவலுக்கும் அடுத்ததற்கும் பன்னிரண்டு நாள், எழுதுகிற நாளையும் சேர்த்து. இதில் தொட்டி எப்போது கழுவுவது? சுபா விஷயத்தில் அந்தக் கவலையும் இல்லை. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர். ஒருவர் தொட்டி கழுவினால் இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கலாம்.

சுஜாதாவுக்கு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உத்தியோகம் இருந்தது. கணேஷும் வசந்த்தும் ஓய்வெடுத்த நேரத்தில் அவர் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவான வேலையில் இருந்தார். நம்மவருக்கும் மெஷினோடு தொடர்பு உண்டு, மேலே சொன்ன ரேஷன் கடை மெஷினோடு. தேவகோட்டைக்காரரான தமிழ்வாணன் கல்கண்டு பத்திரிகையை நடத்திக்கொண்டே சங்கர்லாலைத் துப்பறிய விட்டார். சங்கர்லாலுக்குத் தேநீர் உள்ளே போனால் மூளை வேலை செய்யும். அதை நம்பி நம்மவரும் ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்துப் பார்த்தார். நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரைச் சொன்னால் இன்னும் வயிற்றெரிச்சல். திகம்பர சாமியாரை உலவ விட்ட அந்த மனிதர், எகிப்தின் பழங்குடிகளுக்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் உறவு கண்டுபிடித்து, ஆங்கிலத்தில் தலையணை தண்டியில் ஒரு புத்தகமே போட்டார். அகதா கிறிஸ்டியோ, தொல்லியல் நிபுணரான கணவரோடு இராக்கில் நிம்ருத் வரைக்கும் போய், மண்ணிலிருந்து எடுத்த தந்தச் சிற்பங்களின் அழுக்கைத் தன்னுடைய முக க்ரீமைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தெடுத்தார். உலகத்தில் மற்றவர்கள் இடைவேளையில் நாகரிகங்களைத் தோண்டுகிறார்கள். இவர் சிங்க் அடைப்பைத் தோண்டுகிறார்.

ஊர்ப்பெயரும் அவருக்கு அனுகூலமாக இல்லை. கல்யாண வீடுகளில் யாராவது, "சார் என்ன பண்றீங்க?" என்பார்கள். "துப்பறியும் நாவல் எழுதறேன்." "எந்த ஊரு?" "புதுக்கோட்டை." எதிராளி முகத்தில் அப்படியொரு வெளிச்சம்: "அட, பட்டுக்கோட்டை பிரபாகரா! உங்க பரத் - சுசீலான்னா எனக்கு உசுரு சார். அந்தப் பொண்ணு டி-ஷர்ட்ல ஒரு வாசகம் போட்டு வருமே!" முதல் சில வருஷங்கள் அவர் மறுத்தார். பிறகு, பந்தியில் நல்ல இடம் கிடைக்கிறது என்பதைக் கவனித்ததிலிருந்து புன்னகையோடு நிறுத்திக்கொள்கிறார்.

அடுத்த கதையை ஊருக்குள்ளேயே தேடலாம் என்றால் ஊரின் அமைப்பே இடைஞ்சல். திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில் சீர்ப்படுத்திய நகரம் இது. நாலு ராஜ வீதி, அவற்றுக்குப் பின்னால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று கோடு போட்டாற்போல் ஓடும். தப்பி ஓடுகிறவன் எந்த முக்கில் திரும்பினாலும் அடுத்த முக்கிலிருந்து தெரிவான். அதனால் இவர் நாவல்களில் துரத்தல் காட்சி வந்தால், திருடனும் போலீசும் திருச்சிக்குப் பஸ் ஏறிவிடுவார்கள்.

சித்தன்னவாசலுக்குப் போனார். மலைமேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் வரிசையாக இருக்கின்றன. ஈராயிரம் வருஷத்து அமைதி. பார்க்க வந்த மற்றவர்கள் கை கூப்பினார்கள். இவர், ஒரு படுக்கை மட்டும் காலியாக இல்லாவிட்டால் எப்படியிருக்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நேரமாச்சு, இறங்குங்க" என்று குரல் வந்தது.

திருக்கோகர்ணத்துக்குப் போனால் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி வருஷக்கணக்காகச் சேர்த்து உண்டாக்கிய ஞானாலயாவில் லட்சம் புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. இப்படிப் பழைய புத்தகங்களை மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு ஒரு துப்புக் கிடைத்தது. தமிழின் முதல் துப்பறியும் நட்சத்திரங்களில் ஒருவர் ஜே.ஆர். ரங்கராஜு. அவருடைய 'சந்திரகாந்தா' 1936-இல் சினிமாவானபோது அதில் அறிமுகமான நடிகர் பி.யு. சின்னப்பா. 'பி' என்றால் புதுக்கோட்டை! அதே சின்னப்பாதான் 1940-இல் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் போட்டார், தமிழ் சினிமாவில் அதுவே முதல். ஆக, கொலை நடந்த இரவு ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருந்ததற்கு இரட்டைப் பிறவிதான் காரணம் என்று எத்தனையோ கதாசிரியர்கள் கடைசிப் பக்கத்தில் தப்பித்தார்களே, அந்த வித்தையைத் திரையில் முதலில் காட்டியவர் எங்கள் ஊர்க்காரர் என்று வீட்டில் வந்து சொன்னார். "ரெண்டு பேரா இருந்தா ஒருத்தரையாவது கடைக்கு அனுப்பலாம்" என்றார் மனைவி.

அந்தக் கடையில்தான் வினை காத்திருந்தது.

அகதா கிறிஸ்டி விட்டுப்போன நோட்டுப் புத்தகங்கள் 73. ஜான் கரன் என்கிற ஆய்வாளர் அவற்றை உட்கார்ந்து படித்தபோது, கொலைத் திட்டங்களுக்கு நடுநடுவே வீட்டுக் குறிப்புகளும் வாங்க வேண்டிய சாமான்களும் கலந்து கிடந்தன. நம் எழுத்தாளரிடம் இருப்பது இலவசமாக வந்த ஒரே ஒரு டைரி. மனைவி அம்மா வீட்டுக்குப் போக கீரமங்கலம் பஸ் ஏறுகிற அவசரத்தில், மளிகைச் சாமான்களை அவர் சொல்லச் சொல்ல இவர் அதில் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே, தெய்வாதீனமாக, புது நாவலுக்கு ஒரு காட்சி தோன்றியது. அதே பக்கத்தில், சீரகத்துக்குக் கீழே, அதையும் குறித்து வைத்தார். பிறகு பக்கத்தை போட்டோ எடுத்து மளிகைக் கடை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அண்ணாச்சிக்குப் போய்ச் சேர்ந்த பட்டியல் இது:

துவரம் பருப்பு 1 கிலோ, உளுந்து 1 கிலோ, சீரகம் 100 கிராம், நைலான் கயிறு 20 அடி, சாக்கு 2, பினாயில் 2 பாட்டில், டார்ச் லைட் 1, கையுறை 1 ஜோடி. இரவு 11 மணிக்கு மேல். சத்தம் வரக் கூடாது.

அண்ணாச்சி வாடிக்கையாளரின் விருப்பத்தை மதிக்கிறவர். கடைப் பையன் ராத்திரி பதினொன்று பத்துக்கு வந்தான். தெருமுனையிலேயே எக்ஸ்.எல். வண்டியை நிறுத்தி, தள்ளிக்கொண்டே வந்து, கேட்டை நகத்தால் சுரண்டினான். எழுத்தாளர் எழுந்து வந்து இருட்டில் மூட்டையை வாங்கினார். "கையுறை மட்டும் ஸ்டாக் இல்லியாம் சார், திங்கக்கெழம வந்துருமாம்" என்று கிசுகிசுத்தான் பையன். கொஞ்சம் தயங்கி, "அதுவரைக்கும் சமாளிச்சுக்குவீங்களான்னு அண்ணாச்சி கேக்கச் சொன்னாரு" என்றான்.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷம் யார் நிலம், யார் வேலி என்று பார்த்துப் பழகிய கண். மறுநாள் காலையில் காம்பவுண்டு சுவருக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"ராத்திரி யாரோ வந்தாப்ல இருந்துச்சே சார்?"

"மளிகைச் சாமான்."

"பதினோரு மணிக்கா?" சற்று இடைவெளி விட்டு, "தங்கச்சியக் காணோம், நாலஞ்சு நாளா?"

"அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருக்கா."

சொல்லி முடித்த பிறகுதான் எழுத்தாளருக்குச் சுருக்கென்றது. அவர் எழுதிய நாவல்களில் எத்தனையோ கணவன்மார் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதே பதிலை, இதே தொனியில், பல்துலக்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தன்கூட இருபத்து நாலாம் அத்தியாயத்தைத் தாண்டியதில்லை.

டீக்கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. பெஞ்சில் எப்போதும் கிடைக்காத இடம் அன்று தாராளமாகக் கிடைத்தது. "மாஸ்டர், ஒரு டீ" என்றார். மாஸ்டர் டீயை நீட்டியபோது அவர் கையைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தத் தொழிலில் இது புதிதல்ல. 1926 டிசம்பரில் அகதா கிறிஸ்டி திடீரென்று காணாமல் போனார். காரை மட்டும் ஒரு சரிவில் கண்டெடுத்தார்கள். புதர் புதராகத் தேடினார்கள். கணவர் மீது சந்தேகம் பாய்ந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலே களத்தில் இறங்கினார். ஹோம்ஸ் மாதிரி காலடித் தடம் பார்க்கவில்லை. அகதாவின் கையுறை ஒன்றை வாங்கிக்கொண்டு போய், ஆவிகளோடு பேசுகிறவரிடம் கொடுத்துக் குறி கேட்டார். பதினொரு நாள் கழித்து ஹாரோகேட் நகரத்து ஹோட்டலில், வேறு பெயரில், அந்த அம்மாள் சௌக்கியமாகத் தங்கியிருந்தது தெரிந்தது. இந்த வரலாறெல்லாம் நம் எழுத்தாளருக்கு அத்துப்படி. ஆனால் டீக்கடையில் எடுத்துச் சொன்னால் வழக்கு இன்னும் இறுகும் என்று பேசாமல் காசு கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் பூப்பொட்டலம், காலடியில் பதினைந்து கிலோ பலாப்பழம். தெருவே வாசலுக்கு வந்து நின்றது. "வாம்மா, நல்லாருக்கியா?" என்றார் வி.ஏ.ஓ. அக்கறையாகத்தான் கேட்டார். இருந்தாலும் குரலில் லேசான ஏமாற்றம்.

உள்ளே வந்த மனைவி சாமான்களைப் பார்த்தார்.

"இவ்வளவு கயிறு எதுக்குங்க?"

"கதைக்கு."

"கதைக்குன்னா எழுதினாப் பத்தாதா? வாங்கணுமா?"

பதில் இல்லை. கயிறு அன்றைக்கே மொட்டை மாடியில் கொடியாயிற்று. பினாயில் குளியலறைக்குப் போனது. சாக்குகள் கொல்லையில் மடித்துக் கிடந்தன.

திங்கட்கிழமை கையுறை வந்தது. அன்று ராத்திரிதான் பலாப்பழமும் பழுத்தது. வீடு முழுக்க வாசனை. விட்டால் விடிவதற்குள் அளிந்துவிடும். எண்ணெய் தடவினாலும் பால் கையை விடாது, கையுறைதான் இருக்கிறதே. சாக்கு இரண்டையும் கொல்லையில் விரித்து அரிவாளை எடுக்கவும், கரண்ட் போகவும் சரியாக இருந்தது. டார்ச் லைட்டைத் துணி துவைக்கிற கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, எழுத்தாளர் ஓங்கி ஒரு போடு போட்டார்.

இருட்டான சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "பெருசு பெருசா வெட்டாதீங்க, டப்பால அடங்காது!"

காம்பவுண்டு சுவருக்கு மேல் ஏதோ அசைந்தாற்போல் இருந்தது. டார்ச்சைத் திருப்பினார். ஒரு தலை சட்டென்று கீழே போயிற்று. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் பத்துச் சுளையை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மூன்று நாளாகிறது, கிண்ணம் திரும்பி வரவில்லை. எழுத்தாளர் விசாரித்து வருகிறார்.