காய் இல்லாத மாதத்து நட்பு

தோட்டம் போடுகிறவர்கள் சாதுக்கள், செடிகொடிகளோடு பழகிப் பழகி மனம் பக்குவப்பட்டவர்கள் என்றொரு நம்பிக்கை உண்டு. அதைப் பரப்பியவர்கள் தோட்டக்காரர்களை டிசம்பர் மாதத்தில் மட்டும் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பனி விழுந்து மண் கல்லாக இறுகியதும் இவர்களிடையே ஒரு பேச்சு தொடங்கும். ‘அங்கே எவ்வளவு குளிர்?’, ‘கிறிஸ்துமஸுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்களா?’, ‘உள்ளே எடுத்து வைத்த ஜெரேனியம் பிழைத்ததா?’, ‘முழங்கால் வலி தேவலையா?’ நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளாதவர்கள், வீட்டுக்கு வீடு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவர்கள், திரையில் தட்டித் தட்டி இப்படிக் குசலம் விசாரித்துக்கொள்வார்கள். அவரவர் வீட்டில் இருப்பவர்கள் இதற்கு வெட்டி அரட்டை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் கட்சி வேறு. தோட்டக்காரர்களுக்குள் மெய்யான நட்பு விளைவது இந்த மூன்று நான்கு மாதங்களில்தான். அதற்குக் காரணம் அவர்களுடைய நற்குணம் அல்ல. பீற்றிக்கொள்ள அப்போது யார் கையிலும் ஒரு காய்கூட இல்லை, அவ்வளவுதான்.

நம்பிக்கை வராவிட்டால் இதே ஆட்களை ஜூலையில் கவனியுங்கள். யாருடைய தக்காளி முதலில் சிவந்தது என்பதுதான் அப்போது அவர்களுக்குள் உலகப் பிரச்சினை. ஒருவர் படம் அனுப்புவார். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் தன் உள்ளங்கையையும் வைத்திருப்பார். இன்னொருவர் ‘அருமை’ என்று பதில் போட்டுவிட்டு, ‘எங்கள் பக்கம்தான் இந்த வருஷம் ஓயாத மழை’ என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த இரண்டாவது வரியை எழுதுவதற்காகத்தான் முதல் வரியையே எழுதியிருப்பார். தானதர்மம்கூட அந்தப் பருவத்தில் ஆயுதமாகிவிடும். சுக்கினி என்று பூசணிக் குடும்பத்துக் காய் ஒன்று இருக்கிறது. இரண்டு செடி வைத்தால் தெருவுக்கே காணும். அதைத் தலையில் கட்ட ஆள் கிடைக்காமல், ஆகஸ்ட் 8ஆம் தேதியை, இருட்டில் போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் சுக்கினியை வைத்துவிட்டு ஓடிவரும் நாள் என்றே அமெரிக்காவில் வேடிக்கையாகக் கொண்டாடுகிறார்கள். அக்டோபர் வந்தால் நிலைமை முற்றிவிடும். கலிபோர்னியாவில் ஹாஃப் மூன் பே என்ற ஊரில் ஆண்டுதோறும் பூசணிக்காய் எடை போடும் போட்டி நடக்கிறது. 2023இல் மினசோட்டாவிலிருந்து ஒருவர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த காய் 1,247 கிலோ. அந்த ஆண்டின் உலக சாதனை. சாம்பாரில் போடுவதற்காக யாரும் அப்படியொரு காயை வளர்ப்பதில்லை. அடுத்தவரை மண்ணைக் கவ்வ வைப்பதற்காகத்தான் வளர்க்கிறார்கள். அதற்கு வேண்டிய மண்ணும் அவர்களிடமே இருக்கிறது.

பனிக்காலத்தில் மட்டும் போட்டி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, யாருக்குக் குளிர் அதிகம் என்பதில் இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறை 1960இல் வெளியிட்ட வரைபடம் ஒன்று நாட்டைக் குளிர் மண்டலங்களாகப் பிரித்தது. இன்றைய வடிவத்தில் மொத்தம் 13 மண்டலம், ஒவ்வொன்றுக்கும் ஏ, பி என்று இரண்டு பாதி. பனிக்காலத்தின் மிகக் குறைந்த வெப்பநிலை சராசரியாக எவ்வளவு என்பதை வைத்து இந்தப் பிரிவினை. நம் ஊரில் சம்பந்தம் பேசுகிறவர்கள் நட்சத்திரமும் பாதமும் சொல்லி ஆரம்பிப்பதுபோல, அங்கே தோட்டக்காரர்கள் ‘நான் 5பி’, ‘நாங்கள் 3ஏ’ என்று சொல்லித்தான் அறிமுகமாவார்கள். 3ஏ என்றால் குளிர் மைனஸ் 40 பாகை வரை போகலாம். அந்த ஒரு புள்ளியில் மட்டும் பாரன்ஹீட்டும் செல்சியஸும் ஒன்று என்பதால், அமெரிக்கரும் கனடியரும் கணக்குப் போடாமலே ஒருவருக்காக ஒருவர் நடுங்க முடியும். கனடாவுக்கு 1967 முதல் சொந்த வரைபடம் உண்டு. அதில் பனியின் ஆழம், காற்றின் வேகம், மழை எல்லாம் சேர்த்து ஏழு காரணிகள். ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கத்து ஐந்தாம் மண்டலமும் அந்தப் பக்கத்து ஐந்தாம் மண்டலமும் ஒன்றல்ல. அதை விளக்கவே ஒரு நீண்ட இரவு போய்விடும். 2023 நவம்பரில் அமெரிக்கா புது வரைபடம் வெளியிட்டபோது ஏறக்குறைய பாதி நாடு அரை மண்டலம் வெப்பத்தின் பக்கம் நகர்ந்திருந்தது. புவி சூடாவதற்கு அது ஓர் அறிகுறி, கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் 3ஏ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தவர் ஒரே நாளில் 3பி ஆவது தனித் துக்கம். இந்தப் போட்டிக்கும் ஜூலைப் போட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தக்காளியில் ஜெயித்தவருக்கு வயிற்றெரிச்சல் பரிசாகக் கிடைக்கும். குளிரில் ஜெயித்தவருக்குக் கிடைப்பது ஆறுதல் வார்த்தை. தோற்றவருக்கோ கொஞ்சம் வெயில். இரண்டு பேருக்கும் லாபமான சண்டை அது.

இந்தச் சமத்துவத்துக்குச் சின்னமாக ஒரு செடியைச் சொல்லச் சொன்னால் பாயின்செட்டியாவைச் சொல்வேன். கிறிஸ்துமஸ் சமயத்தில் கடைதோறும் சிவப்பாக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். பூர்வீகம் மெக்சிகோ. 1825 முதல் 1829 வரை அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாயின்செட் தென் கரோலினாவுக்கு அனுப்பிவைத்ததால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் 1851இல் இறந்தது டிசம்பர் 12. அந்தத் தேதியைத்தான் செடியின் நாளாக அமெரிக்காவில் கொண்டாடுகிறார்கள். தூதராக அவர் நடத்திய பேச்சுவார்த்தைகளை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. கிடக்கட்டும். சிவப்பாக இருப்பது பூ அல்ல, இலை. நடுவில் மஞ்சளாகச் சிறு மணிபோல் இருப்பவைதான் பூக்கள் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருவர் அறிவிப்பார், மற்றவர்களும் முதன்முறையாகக் கேட்பதுபோல ஆச்சரியப்படுவார்கள். நாகரிகம் என்றால் இதுதான். பண்டிகை முடிந்ததும் பெரும்பாலோர் செடியைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போடாதவர் மாட்டிக்கொண்டார். அடுத்த வருஷமும் அது சிவக்க வேண்டுமானால் அக்டோபர் தொடங்கி எட்டுப் பத்து வாரம், தினமும் சுமார் பதினான்கு மணி நேரம், ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் படாத இருட்டு வேண்டும். தெருவிளக்கு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் கதை கந்தல். மாலையில் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, காலையில் எடுத்து, ஊருக்குப் போனால் அந்தப் பொறுப்பை மைத்துனரிடம் ஒப்படைத்து, கடைசியில் நவம்பர் முடிவில் பார்த்தால் ஆரோக்கியமான பச்சை நிறத்தில் நிற்கும். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இதே செடி வேலியோரம் ஆளுயரப் புதராக, பெட்டியும் மைத்துனரும் இல்லாமலே சிவந்து தொலைக்கிறது. வட அமெரிக்கத் தோட்டக்காரர்கள் ஆண்டு முழுவதும் எத்தனையோ தோல்விகளை மூடி மறைப்பவர்கள். பாயின்செட்டியாத் தோல்வியை மட்டும் போட்டி போட்டுக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி தோல்வி என்றால் அதில் வெட்கம் இல்லை.

கிறிஸ்துமஸ் கள்ளி விஷயமும் இந்த வகைதான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிடும். தென்கிழக்கு பிரேசில் மலைக்காடுகளிலிருந்து வந்த செடி. கடையில் கிறிஸ்துமஸ் கள்ளி என்று விற்பதில் பெரும்பாலானவை, தண்டின் ஓரம் கூராக இருக்கும் நன்றி நவிலல் கள்ளி. கிறிஸ்துமஸ் கள்ளிக்கு ஓரம் மழுங்கியிருக்கும். இதைத் திருத்துவதற்கென்று எங்கும் ஒருவர் இருப்பார். கோடையில் திருத்தியிருந்தால் அடி விழுந்திருக்கும். டிசம்பரில் நன்றி சொல்கிறார்கள்.

பிறகு விதைப் பட்டியல்கள் வரும். பிலடெல்பியாவில் 1876இல் தொடங்கிய பர்பீ போன்ற நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சடித்து அனுப்பும் வண்ணப் புத்தகங்கள், சரியாகப் பண்டிகையை ஒட்டி வீட்டுக்கு வந்து சேரும். நியூயார்க்கர் பத்திரிகையின் புனைகதை ஆசிரியராக இருந்த கேதரின் ஒயிட் 1958 மார்ச்சில், இந்தப் பட்டியல்களை நாவல்களுக்கு மதிப்புரை எழுதுவதுபோல விமர்சித்து அந்த இதழிலேயே ஒரு தொடர் ஆரம்பித்தார். அவர் மறைந்த பிறகு கணவர் இ.பி. ஒயிட் அவற்றைத் தொகுத்து 1979இல் புத்தகமாக்கினார். வாழ்நாளெல்லாம் கதைகளைத் திருத்தியவருக்கு, புழுவே இல்லாத முட்டைக்கோஸைப் பார்த்ததும் இது எந்தத் துறை எழுத்து என்று புரிந்திருக்கும். பட்டியலில் இருக்கும் தோட்டத்தில் அணில் இல்லை, ஆலங்கட்டி மழை இல்லை, வெயில் காலத்தில் ஊருக்குப் போய்விட்ட முதலாளியும் இல்லை. ‘இந்த வருஷம் பதினாறு வகைத் தக்காளி போடப்போகிறேன்’ என்று ஜனவரியில் ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்குப் பொறாமையே வராது. தாங்கள் இருபது போடப்போகிறவர்கள் ஆயிற்றே.

பூமியில் பாதிப் பேருக்கு டிசம்பர் பனிக்காலமே இல்லையே என்று ஒரு தடை எழும். நியாயம். ஆஸ்திரேலியாக்காரருக்கு அப்போது நடுக்கோடை. நம் ஊர் மொட்டைமாடியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து காலிஃபிளவரும் கத்தரியும் தக்காளியும் களைகட்டும் காலம். மார்கழிக் கோலத்தில் பறங்கிப்பூ வேறு. இப்படிப்பட்டவர் ஒருவர், உள்நோக்கம் எதுவும் இல்லாமல், கூடை நிறையத் தக்காளியைப் படமெடுத்து அந்தக் குளிர்தேசத்துக் கூட்டத்தின் நடுவே போட்டால் என்ன ஆகும்? பேச்சு அப்படியே உறைந்துபோகும். ஒருவர் இருமுவார். இன்னொருவருக்கு அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வரும். இந்தத் தடை என் கட்சிக்கு எதிர் சாட்சி அல்ல, முதல் சாட்சி. ஒரு கூடை காய் உள்ளே வந்ததும் அன்பு வெளியே போய்விட்டது பாருங்கள்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: குளிர் எவ்வளவு, வலி எப்படி என்ற பேச்சில் யாருக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார். சேதி சொல்வதற்காக அல்லாமல் உறவை முடிந்துகொள்வதற்காகவே மனிதர் பேசும் பேச்சு உண்டு. வானிலை விசாரிப்பு அதில் சேர்ந்தது என்றார். அவர் ஆண்டுக்கணக்கில் தங்கி ஆராய்ந்தது பசிபிக் கடலின் டிரோப்ரியாண்ட் தீவுகளில். அந்தத் தீவுகளின் தோட்டங்களைப் பற்றியே 1935இல் இரண்டு தொகுதி நூல் எழுதினார். அங்கே அறுவடை செய்த கிழங்கை வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி இடைவெளி விட்டுக் கட்டிய களஞ்சியங்களில் அடுக்குவார்கள். யாருடைய கிழங்கு உசத்தி என்று வாய்ச்சண்டை முற்றினால் ஊருக்கு ஊர் கிழங்கைக் குவித்து அளந்து பார்க்கிற வழக்கமும் இருந்தது. உறவை வளர்ப்பது வெறும் பேச்சு, உடைப்பது விளைச்சல் என்ற இரண்டுக்கும் ஒரே ஆளிடம் ஆதாரம் கிடைத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஹாஃப் மூன் பே தராசைப் பார்த்திருந்தால் அவர் மூன்றாவது தொகுதியும் எழுதியிருப்பார்.

சேதியே பரிமாறப்படுவதில்லை என்பதும் சரியல்ல. டொராண்டோப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலை, உறைபனிக்கு முன் உள்ளே குடியேறி, கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் மரியாதையான இடத்தில் இருக்கும். பகல் குறுகியதும் இலை மஞ்சளாகிக் கொட்டும். ‘அக்கா, என்ர கறிவேப்பிலை முழுக்கக் கொட்டிப்போட்டுது, தப்புமோ?’ ‘தண்ணியைக் குறையுங்கோ தம்பி, பங்குனியிலை துளிர்க்கும்.’ நத்தார் வாழ்த்தோடு வாழ்த்தாகப் போகிற இந்த இரண்டு வரி, வேர் அழுகிச் சாகவிருந்த செடியைக் காப்பாற்றுகிறது. அதே அக்காவிடம் ஜூனில் ஒரு பக்கக்கன்று கேட்டுப் பாருங்கள். இப்போது தோண்டினால் தாய்ச்செடி வாடிவிடும் என்பார்.

அதனால் ஒரு யோசனை. கனடாவில் மே 25க்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா தினம். நாற்றுகளை வெளியே நடலாம் என்று பலரும் நம்பியிருக்கும் நாள் அது. தக்காளி விதையை அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே வீட்டுக்குள் ஊன்றிவிடுவார்கள். ஏப்ரலில் முளை தெரிந்துவிடும். தெரிந்தவர்களிடம் விதையோ கன்றோ வித்தையோ கேட்க வேண்டுமானால் மார்ச்சுக்குள் கேட்டுவிடுங்கள்.