ஜெராக்ஸ் கடைக்காரன் உனக்கு மாலை போடுவான்

வா பேராண்டி, இப்படி திண்ணைல குந்து. காலேஜுல இருக்கிற பிரிண்டரையெல்லாம் ஒரே எடத்துக்குக் கொண்டாந்து, அதுக்கு உன்னைப் பெரிய ஆளா போட்டிருக்காங்களாமே? உங்கம்மா ஊரெல்லாம் சொல்லிட்டா. நம்ம சிப்காட்டுல மிச்செலின் கம்பெனிக்கு டயர் உருட்டப் போவன்னு பாத்தேன். நீ தாள் எண்ணப் போயிட்ட. நல்லதுதான், வெயில் படாத வேலை.

ஒண்ணாச் சேக்குறது நம்ம ஊருக்குப் புதுசா என்ன? கண்ணன்கோட்டை ஏரியையும் தேர்வாய் கண்டிகை ஏரியையும் சேத்து ஒரே நீர்த்தேக்கமாக்கி 2020 நவம்பர்ல தொறந்தாங்க. 500 மில்லியன் கன அடி புடிக்கும். சென்னைக்காரன் குடிக்கிறான், குடிக்கட்டும். தேக்குறது ஒரே எடத்துல இருந்தா கணக்கு எழுதுறவனுக்கு சொகம். ஆனா ஏரின்னா மடையாண்ட ஒரு நீர்க்கட்டி நின்னு, இன்னிக்கு யார் முறை, நாளைக்கு யார் முறைன்னு வாய்விட்டுச் சொல்லணும். அந்த ஆள் இல்லன்னா கடைமடைக்காரன் மம்புட்டியோட வருவான்.

உனக்கு சீக்கிரம் பேர் வரணுமா? நான் சொல்றபடி செய். மெஷினை நாலாவது மாடில வை. கதவை அஞ்சு மணிக்குப் பூட்டு. கலர்ல ஒரு தாள் வேணும்னா ஹெச்ஓடி கையெழுத்து கேளு. புராஜெக்ட் ரிப்போர்ட் குடுக்கிற கடைசி நாளாப் பாத்து டோனர் வாங்க ஆளனுப்பு. அப்புறம் பாரு, காலேஜ் வாசல்ல இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரன் உனக்கு மாலை போடுவான். "வாட்ஸப்புல அனுப்பு தம்பி"ன்னு ஒரே வார்த்தை, பிரிண்டு, ஸ்பைரல், ஹார்டு பைண்டிங் எல்லாம் முடிச்சிடுவான். பக்கம் கோணலா வந்தா கிழிச்சிப் போட்டுட்டு வேற அடிச்சித் தருவான். உன் மெஷின் அதுக்கும் காசு புடிச்சிக்கும்.

அந்தக் கடையை எளக்காரமா நெனைக்காத. டெல்லி யுனிவர்சிட்டில ராமேஸ்வரின்னு ஒரு ஜெராக்ஸ் கடை. 2012ல ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ்னு மூணு பெரிய புத்தகக் கம்பெனிங்க அது மேல கேஸ் போட்டாங்க. 2016 செப்டம்பர்ல ஐகோர்ட்டு தள்ளுபடி பண்ணிச்சு. அப்பீலுக்கும் போயிப் பாத்தாங்க, 2017ல அவங்களே கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க. அவ்ளோ பெரிய ஆளுங்களே அசைக்க முடியாத கடைய, ஆளுக்கு இத்தனை தாள்னு அளக்கிற உன் கோட்டா சாப்ட்வேர் அசைச்சிடுமா?

அட்டைய தேச்சாத்தான் தாள் வரும்னு வெச்சிருக்கியே, அது மட்டும் புத்திசாலி வேலை. அனுப்பிட்டு மறந்தவன் தாள் வீணாவாது, ஒருத்தன் மார்க் ஷீட்டு இன்னொருத்தன் கையில சிக்காது. ரெண்டு பக்கமும் அடிக்கச் சொல்றதும் சரி, 500 தாள் ரீமுல 1000 பக்கம் வரும். ஆனா ரிப்போர்ட்டை ஒரு பக்கமாத்தான் குடுக்கணும்னு அவன் கைடு சொல்லியிருந்தா, மாத்திக்க வழி வை. இல்லன்னா அவன் ஒவ்வொரு பக்கமா தனித்தனியா அனுப்பி உன் வரிசையையே அடைச்சிடுவான். ஹால் டிக்கெட்டுன்னு ஒரே ஒரு தாளுக்கு வந்த பொண்ணை, முந்நூறு பக்கத்துக்காரன் பின்னால நிக்க வெக்காத. சின்ன வேலைக்குத் தனி மடை தொற. ஐப்பசி மழையில ரீமைப் பிரிச்சி வெச்சா தாள் ஈரம் குடிச்சி சுருளும், சிக்கும். அப்ப மெஷினை உதைக்காத.

சிக்குறதுன்னதும் ஞாபகம் வருது. நீதான சொன்ன, அமெரிக்காவுல எம்ஐடில ஸ்டால்மன்னு ஒருத்தர் கதை? பழைய பிரிண்டர்ல தாள் சிக்கினா, காத்திருக்கிறவங்களுக்கெல்லாம் சேதி போற மாதிரி அவரே புரோகிராம் எழுதி வெச்சிருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனி புதுசு ஒண்ணு குடுத்துச்சு, அதோட மூல நிரலைக் குடுக்கல. சேதி சொல்ல வெக்க முடியல. பிரிண்டு வந்திருக்கும்னு நம்பிப் போனவங்க, சிக்கிக் கெடக்கிற மெஷினைப் பாத்துட்டு வந்தாங்க. மனுசன் பொறுத்துப் பாத்து, மூல நிரலை எல்லாருக்கும் தொறந்து வெக்கிற குனூன்னு ஒரு மென்பொருள் திட்டத்தையே 1983ல ஆரம்பிச்சிட்டார். தாள் சிக்கினதுக்கா அவ்ளோ கோவம்? சிக்கினதைச் சொல்ல வெக்க வழி விடலியே, அதுக்கு.

உன் காலேஜுல அப்படி ஒருத்தன் இருந்தான்னா உனக்குத் தூக்கம் போச்சு. அதனால "டிரே காலி, பத்து நிமிசம் ஆவும்"னு போன்ல ஒரு சேதி போற மாதிரி பண்ணு. பசங்க அதுக்குள்ள டீ குடிச்சிட்டு வருவாங்க.

சரி, கெளம்புறதுக்கு முன்ன இந்தா, என் பட்டா. தாலுகா ஆபீஸ்ல ரெண்டு காப்பி கேக்கிறான். உன் மெஷின்ல அடிச்சிக் குடுக்கறியா? என்னது, ஸ்டாஃப் கோட்டா போன வாரமே தீந்துபோச்சா? கல்யாணப் பத்திரிகை அடிச்சியாக்கும். குடு, நான் கடைக்கே போறேன்.