பெர்த்–லண்டன் வான்தூரம்: நடு இருக்கை நோக்கில் ஓர் ஆய்வு

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் லண்டனுக்கும் இடையே வான்வழித் தூரம் 14,498 கி.மீ. என்று ஏடுகள் சாதிக்கின்றன. பூமி உருண்டையின்மேல் நூலை இழுத்துப் பிடித்து அளந்தால் வரும் தூரம் இது. நூலுக்கு முழங்கால் கிடையாது. முழங்கால் உள்ளவரின் தரப்பு இதுவரை ஆராயப்படவில்லை என்ற பெருங்குறையைப் போக்க இக்கட்டுரை முனைகிறது.

2018 மார்ச்சில் குவாண்டாஸ் நிறுவனம் எங்கும் இறங்காமல் லண்டன் செல்லும் சேவையை போயிங் 787-9 விமானத்தில் தொடங்கியது. பயணம் சுமார் 17 மணி நேரம். குளிர்காலத்தில் லண்டன் கடிகாரம் பெர்த்துக்கு 8 மணி நேரம் பின்தங்கி நிற்பதால், ஏறிய ஊர் நேரத்தையும் இறங்கிய ஊர் நேரத்தையும் கழித்துப் பார்த்தால் 9 மணி நேரம்தான் ஆகியிருக்கும். திரும்பும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளுவதால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சம். கடிகாரக் கணக்கிலோ முழுசாக 24 மணி நேரம்! ஆகவே, பெர்த்துக்கு லண்டன் பக்கம். லண்டனுக்குப் பெர்த் வெகுதூரம் என்று துணியலாம். கணித வல்லுநர்கள் ஆட்சேபிப்பார்கள். அவர்கள் ஜன்னலோரத்தில் உட்கார்பவர்கள்.

முன்னோர் வழக்கும் நம் பக்கமே. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்குக் கேட்டலினா கடல்விமானங்கள் போய்வந்தன. தூரம் சுமார் 5,650 கி.மீ.; பறந்த நேரம் ஏறத்தாழ 30 மணி. எரிபொருளே பெருஞ்சுமை என்பதால் மூன்று பயணிகளுக்குமேல் இடமில்லை. அதாவது, லண்டனைவிடக் கொக்கல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தொலைவு! ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்ததற்காக அந்தப் பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இன்று ஒரே பயணத்தில் அதே சப்பைக் கோழித்துண்டை இரண்டு தட்டில் பார்த்தவருக்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

இனி ஆய்வின் மையப் பகுதி. விமானத் துறையினர் பயண நேரத்தை, சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து மறு ஊரில் திரும்பக் கட்டை வைப்பதுவரை கணக்கிடுகிறார்கள். அத்தோடு பயணம் முடிந்தது என்பது அவர்கள் முடிபு. உண்மையில் அதன் மிக நீண்ட பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. மணி அடிக்கிறது. எல்லோரும் ஒரே நொடியில் எழுகிறார்கள். நடு இருக்கைக்காரர் மட்டும் முழுதாக எழ முடியாமல், சாமான் பெட்டிக்குக் கீழே கழுத்தைச் சாய்த்தபடி, பக்கத்து இருக்கைக்காரரின் முதுகுப்பை ஜிப்புக்கு மூக்கைக் கொடுத்து நிற்கிறார். கதவு திறந்தபாடில்லை.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது பள்ளிப் பாடம். இங்கே தூரமும் பூஜ்யம், வேகமும் பூஜ்யம். விடை எதுவாகவும் இருக்கலாம் என்று கணிதமே கைவிரித்துவிடுகிறது. முன்வரிசைக்காரர் தம் மூன்றாவது பையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.