வலைப்பதிவின் மண்ணடுக்குகள்: டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகர் குறித்த ஓர் அகழாய்வு

தனியாளாகத் தொழில் நடத்தும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஆலோசகர் ஒருவரின் பொருளாதார நிலையை அறிய அவருடைய பாஸ்புக்கையோ வருமான வரிப் படிவத்தையோ புரட்ட வேண்டியதில்லை. அவருடைய பிளாக்கில் கடைசிப் பதிவு என்றைக்கு ஏறியது என்று பார்த்தால் போதும். நேற்று ஏறியிருந்தால் கையில் வேலை இல்லை. ஒரு வருடமாகப் பதிவே இல்லை என்றால் மனிதர் கார் புக் செய்துவிட்டார். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். நிறுவும் பொறுப்பு எம்முடையது. மறுக்கும் பொறுப்பு மறுப்போருடையது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தளம் கோவை ஆலோசகர் ஒருவருடையது. பல தளங்களைக் கலந்து செய்த மாதிரி அது. தம்முடையது என்று யாரும் வழக்குப் போட வேண்டாம், எல்லாருடையதும்தான். முறையியல் தொல்லியலாரிடம் கடன் வாங்கியது: ஆர்க்கைவ் பகுதியில் குழி போட்டு அடுக்கடுக்காகப் பார்ப்பது. ஒரே ஒரு வேறுபாடு. அவர்களுக்குப் பானை ஓடு கிடைக்காத அடுக்கு என்றால் அக்காலத்தில் அங்கே ஆள் வாழவில்லை என்று பொருள். இங்கே வெற்று அடுக்குதான் ஆள் நன்றாக வாழ்ந்ததற்குச் சான்று.

கன்னி மண்ணின்மேல் கிடப்பது 'ஹலோ வேர்ல்டு' என்ற பதிவு. வேர்ட்பிரஸ்ஸை நிறுவியதும் தானாக வந்து உட்கார்வது, அழிக்க மறந்தது. அதற்கு மேல், 'எங்கள் பிளாக்குக்கு வரவேற்கிறோம், இனி வாரந்தோறும் சந்திப்போம்' என்ற அறிவிப்பு. அடுத்த சந்திப்பு ஐந்து மாதம் கழித்து. 'எங்கள் குழு' பக்கத்தில் ஒரே ஒரு படம் இருக்கிறது. அதில் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இதற்கு மேலே வெள்ளப் படிவுகள். கூகுள் தன் தேடல் முறையை மாற்றும்போதெல்லாம் ஆலோசகர்களின் பிளாக்குகளில் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வண்டல் படியும். காலக்கணிப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. மெட்டா கீவேர்டு டேகைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009 செப்டம்பரில். அந்த அடுக்கு மெல்லியது, பலர் நம்பவில்லை. 2011 பிப்ரவரியில் பாண்டா வந்து சத்தில்லாத பக்கங்களைச் சாய்த்தது. 2012 ஏப்ரலில் பெங்குவின், காசுக்கு வாங்கிய இணைப்புகளைச் சாய்த்தது. 2013-இல் ஹம்மிங்பேர்டு. இதையெல்லாம் கண்ட விலங்கியல் துறையினர் ஆய்வைத் தங்களிடம் ஒப்படைக்கக் கேட்கக்கூடும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறோம்: பாண்டா என்பது நவ்நீத் பாண்டா என்ற கூகுள் பொறியாளரின் பெயர். 2014 ஜனவரியில், கூகுளின் ஸ்பாம் ஒழிப்புக் குழுத் தலைவர் மேட் கட்ஸ், இணைப்புக்காக அடுத்தவர் பிளாக்கில் விருந்தினர் பதிவு எழுதும் கலைக்குக் காரியம் செய்து முடித்தார். நம் ஆலோசகர் அதைக் குறித்து நீண்ட கட்டுரை எழுதி, அடுத்தவர் பிளாக்கில் விருந்தினர் பதிவாக வெளியிட்டார்.

இனி வெற்று அடுக்கு. அது எப்படி உருவாகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் விளங்கும். பம்புசெட் கம்பெனி முதலாளி ஒருவர் போன் செய்கிறார்.

"ஏனுங்க தம்பி, உங்க பிளாக்கெல்லாம் படிச்சேனுங்க. வாரம் ரெண்டு எழுதறீங்க. சுறுசுறுப்பான ஆளு. நம்ம கம்பெனிய கூகுள்ல முதல்ல கொண்டாந்துருங்க."

"ஆறு மாசம் ஆகுங்க சார்."

"ஆவட்டும். தீவாளிக்குள்ள முடிச்சுருங்க."

அன்றோடு பிளாக் நின்றுவிடுகிறது. பகலெல்லாம் கம்பெனியின் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைப் பற்றி எழுத வேண்டும், இரவில் மாதாந்திர ரிப்போர்ட், இடையில் முதலாளியின் மருமகனுக்கு லோகோ எந்த அளவு பெரிதாக வேண்டும் என்ற வாட்ஸ்அப் ஆலோசனை. ஏழாம் மாதம் முதலாளியே கேட்கிறார்: "எங்கள வாரா வாரம் எழுதச் சொல்றீங்க, உங்க பிளாக்ல ஒண்ணையுமே காணோமுங்களே?" அவர் கண்டு மெச்சிய சுறுசுறுப்பு வேலையின்மையின் அறிகுறி, இப்போது அவர் காணும் சோம்பல் அவரே கொடுத்த வேலையின் விளைவு. ஆக, பிளாக்கைப் பார்த்து ஆள் எடுக்கும் எவரும் சும்மா இருப்பவரையே தேடிப்பிடிக்கிறார். இதை நாம் முதல் தேற்றம் என்கிறோம். இரண்டாம் தேற்றம் கிடையாது.

மிக வளமான கண்டெடுப்பு வேறொன்று. பதிவுகளின் தலைப்பை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் படிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்று மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்பவர், பில் போட்டுவிட்டால் காசு வந்தாலும் வராவிட்டாலும் அதற்குரிய 18 சதவீதத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்டியாக வேண்டும். 'நல்ல கிளையன்ட்டை அடையாளம் காண 7 வழிகள்' என்ற பதிவின் தேதி 21. 'உங்கள் உழைப்பின் மதிப்பை நீங்கள் உணர்ந்திருக்கிறீர்களா?' என்பதும் 21, வேறொரு மாதம், இரவு இரண்டு மணி. ஏழு வழிகளில் நான்காவது மட்டும் பெரும் விவரத்தோடு இருக்கிறது: 'செக்கில் கையெழுத்துப் போடுபவர் ஊரில் இல்லை என்று மூன்று முறை சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள்.' தேடல் தரவரிசையை உயர்த்தித் தரும் எஸ்.இ.ஓ. நிபுணர்கள் இவற்றைப் பொது அறிவுரை என வகைப்படுத்துவர். யாம் அவற்றை வசூல் கடிதம் எனக் கொள்வோம்.

இலவச அறிவுரை எழுதித் தொழில் பிடிப்பது புதிதல்ல என்று மறுப்பவர் உண்டு. ஜான் டீர் கம்பெனி 1895-இலேயே 'தி ஃபர்ரோ' என்ற உழவர் இதழைத் தொடங்கியது. மிஷெலின் 1900-இல் காரோட்டிகளுக்கு வழிகாட்டி நூலை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அவர்களிடம் விற்க ஏரும் டயரும் இருந்தன. அறிவையே விற்றவர் டேவிட் ஆகில்வி. தம் விளம்பர நிறுவனம் கற்ற 38 பாடங்களை முழுப்பக்க விளம்பரமாகவே அச்சிட்டார். முடிவில், ஒவ்வொரு துறைக்கும் உரிய தனி அறிவு எங்கள் கிளையன்ட்டுகளுக்கு மட்டும் என்று கதவைச் சாத்தினார். நம்மவர் 38-ஐயும் எழுதுகிறார், 39-ஐயும் எழுதி, எக்செல் ஷீட்டையும் இணைத்துவிடுகிறார். பம்புசெட் முதலாளியின் மருமகன் அதை டவுன்லோடு செய்து, இதற்கு எதற்கு ஆள் என்று கேட்கிறான்.

மேலடுக்கில் ஆய்வு முட்டி நிற்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து வெற்று அடுக்குகளையே காணோம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் செவ்வாய்தோறும் ஒரு பதிவு, ஒரே நீளம், ஒரே பணிவு. 2024-இல் கூகுளும் தேடல் பக்கத்திலேயே பதிலைச் சுருக்கித் தரத் தொடங்கிவிட்டது. இயந்திரம் எழுதியதை இயந்திரம் படித்துச் சொல்கிறது. எமது காலக்கணிப்பு முறை பாழ். 21-ஆம் தேதிப் பதிவுகளை மட்டும் அவர் இன்னும் கையால்தான் எழுதுகிறார், எழுத்துப்பிழைகள் சாட்சி.

கடைசியாக ஒரு தரவு. 'எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்று அவருடைய தொடர்புப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. கூகுள், பிளாக், லிங்க்ட்இன் என்று அவர் கொடுத்திருந்த தேர்வுகளை விட்டுவிட்டு, 'பிற' என்ற இடத்தில் வாடிக்கையாளர்கள் தட்டச்சிட்டிருக்கிறார்கள்: 'மச்சான் சொன்னாப்ல', 'சித்தப்பா நம்பர் குடுத்தாரு', 'கல்யாணத்துல பாத்தோமே, மறந்துட்டீங்களா'. எனவே அடுத்த கட்ட அகழாய்வைக் கல்யாண மண்டபத்துப் பந்தியில் நடத்த நிதி கோரி விண்ணப்பித்திருக்கிறோம். களப்பணி முகூர்த்த நாட்களில் மட்டும். மொய்ப் பணம் தனிச் செலவினம்.